கடல் தாண்டிய முடித்தேங்காய்

என் கையால் ஒட்டிய இரும்பு எங்கெல்லாம் நிற்கிறது என்று யாராவது கேட்டால், ஜெர்மனியில் இந்த எசன் நகரத்தைச் சுற்றி ஒரு பகல் முழுக்கக் காரில் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும். மாடிப்படிகள், பால்கனிக் கம்பிகள், பியர் காய்ச்சுகிற தொட்டிகள், ஒரு முதியோர் இல்லத்தின் வாசற்கதவு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த நாட்டில் சொந்தமாக இரும்புப் பட்டறை நடத்த மைஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர் வேண்டும் என்பது சட்டம். அதற்காக ஒரு ஜெர்மன்காரரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன். அவரிடம் பேப்பர் இருக்கிறது, என்னிடம் கை இருக்கிறது. இதை அவருக்கு முன்னாலேயே சொல்லுவேன், அவரும் தலையாட்டுவார்.

வெல்டிங் என்கிற ஒட்டு வேலை செய்கிறவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு இடம் உண்டு. முகமூடியை இறக்கியவுடன் உலகம் அணைந்துவிடும். பட்டறை இல்லை, மழை இல்லை, எசன் இல்லை. பச்சைக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு புள்ளி மட்டும் எரியும். அந்தப் புள்ளிக்குள் உருகிய இரும்பு அலையடித்துக்கொண்டு மெல்ல நகரும். உற்றுப் பார்த்தால் அதற்கும் கரை உண்டு, நுரை உண்டு. அந்தக் குட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டே என் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பசிபிக் சமுத்திரத்தில் இருக்கும் ஒரு சின்ன நாட்டுக்கு என் கை வேலை போகப்போகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு அது புதினமாகவே படவில்லை. இத்தனை காலமும் அந்தப் பக்கமாகத்தானே நகர்ந்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது.

நடந்தது இதுதான். அந்த நாட்டின் தொலைவான தீவு ஒன்றில் குடிதண்ணீர் இல்லை. கடல் ஏறி ஏறிக் கிணறுகளில் உப்பு இறங்கிவிட்டது. கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்துக் கொடுக்க ஐரோப்பியக் காசு ஒதுக்கப்பட்டது. திட்டம் போட்டது டுசல்டோர்ஃபில் இருக்கும் ஒரு பொறியியல் கம்பெனி. இயந்திரத்தைத் தாங்கும் சட்டம், தண்ணீர்த் தொட்டி, குழாய்கள் எல்லாம் என் பட்டறைக்கு வந்தன. பெரிய பட்டறைகள் பல இருக்க என்னிடம் ஏன் வந்தார்கள் என்று சிலர் கேட்டார்கள். துருப்பிடிக்காத இரும்பில் ஊசி நுழைய இடமில்லாமல் ஒட்டுகிறவன் இந்தப் பகுதியில் யார் என்று விசாரித்திருப்பார்கள். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

வேலை பாதியில் இருக்கும்போது, பார்த்துவிட்டுப் போக அந்த நாட்டில் இருந்து ஒரு பெண் வந்தாள். அவர்களுடைய தண்ணீர்ப் பகுதியில் அதிகாரி. நாற்பது வயது இருக்கும். அகன்ற முகம், காதோரத்தில் துணிப்பூ, எசன் குளிருக்குப் போதாத மெல்லிய கோட். என்னை முதல் நாளே அங்கிள் என்று கூப்பிட்டாள். அவள் பேசியது ஆங்கிலம். என் ஆங்கிலம் கப்பலிலும் துறைமுகத்திலும் பொறுக்கியது. இரண்டும் நடுக்கடலில் சந்தித்துக்கொண்டன. அவள் சொன்னவற்றை என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு திருகாணியாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்கிள், எல்லா ஆணியும் ஒரே அளவோ?"

"ஏன் பிள்ளை, அளவு பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சிருக்கு. எங்கட கரையில மூண்டு மெஷின் செத்துக்கிடக்கு. ஒவ்வொண்டும் ஒவ்வொரு நாடு தந்தது. ஒண்டின்ர ஸ்பானர் மற்றதுக்குப் பொருந்தாது. ஒரு சின்ன றப்பர் வளையம் தேய்ஞ்சுபோனா, அதைச் செய்யிற ஆள் உலகத்தின்ர மற்றப் பக்கத்தில நித்திரை."

என்னோடு வேலை செய்கிற மன்னார்க்காரன் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். மாதா கோயிலை விடாத வேதக்காரன், நல்ல வேலைக்காரன், வாய்தான் நீளம்.

"அண்ணை, நாங்கள் நித்திரை கொள்ளுறேல்லை எண்டு சொல்லுங்கோ. அண்ணையின்ர குறட்டைச் சத்தத்தில ஒருத்தருக்கும் ஏலாது."

நான் அதை அவளுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவளோ எப்படியோ புரிந்துகொண்டு சிரித்தாள். பிறகு தங்கள் தீவைப் பற்றிச் சொன்னாள். பாலம் ஒரு நாடு கட்டித் தந்தது. விளையாட்டு மைதானம் இன்னொரு நாடு. ஆஸ்பத்திரிக்குக் கூரை வேறொரு நாடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொடி பொறித்த ஒரு கல் நிற்கிறது.

"பாலம் உடையும். கூரை பறக்கும். கல்லு மட்டும் ஒரு நாளும் உடைஞ்சதில்லை" என்றாள்.

"எங்கட பேரும் அந்தக் கல்லில வருமோ எண்டு கேளுங்கோ அண்ணை" என்றான் மன்னார்க்காரன்.

கேட்டேன். எனக்கும் அந்த ஆசை இருந்தது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

"கல்லில இடமில்லை அங்கிள். கொடியளுக்கே காணாது."

அன்று அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். நண்டுக்கறி நான் வைத்தது. எசனில் என் நண்டுக்கறியைத் தெரியாதவர்கள் புதிதாக வந்தவர்கள்தான். தேங்காய்ப்பால் கொதித்து வந்த மணத்தில் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தாள். அந்த நேரத்தில் எங்கள் சமையலறைக்குள் ஏதோ ஒரு கடற்காற்று வந்துபோனது என்று இன்றைக்கும் சொல்லுவேன். என் மனைவி ஜன்னல் பூட்டியிருந்தது என்கிறாள்.

சாப்பிடும்போது அவள் தன் கவலையைச் சொன்னாள். மழைக்காலம் முடிந்தால் அவளுடைய தீவுக்குத் தண்ணீர் படகில்தான் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர்க் கான்களோடு கரையில் நிற்பார்கள். அவளுடைய தாயும் அங்கேதான் இருக்கிறாள். அந்த வருடம் கோடை தொடங்குமுன் இயந்திரம் வந்து சேர வேண்டும். கப்பல் அங்கே நினைத்த நேரத்தில் வராது. ஒரு கப்பலைத் தவறவிட்டால் கோடை முழுக்கப் போய்விடும். திருத்துவதற்கான சாமான்களும் ஸ்பானர்களும் அதே பெட்டிக்குள் வர வேண்டும் என்று மேலிடத்தில் சண்டை பிடித்தவளும் அவள்தான். இது தவறிப்போனால் அடுத்த முறை அவளுடைய பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். பக்கத்துத் தீவில் தென்னைகள் எல்லாம் மொட்டையாக நிற்கின்றனவாம். கப்பலில் வந்த ஒரு கொம்பு வண்டு குருத்தைத் தின்றுவிட்டதாம். அந்த நேரம் நண்டின் ஓட்டை எப்படி உடைத்தால் சதை முழுதாக வரும் என்று நான் காட்டிக்கொண்டிருந்தேன். வண்டுக் கதை காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

டுசல்டோர்ஃபில் கம்பெனிக்காரரைச் சந்திக்க அவளுக்கு ஒரு டெர்மின் இருந்தது. கார் வந்து நின்றதும் அவசரமாக எழுந்து போய்விட்டாள். வாசல் வரை ஓடிய என் மனைவி திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு வந்த பொம்பிளைப் பிள்ளை. ஒரு வெத்திலை பாக்குக்கூடக் குடுக்கேல்லை. வெறுங்கையோட போட்டுது."

"அவளுக்கு வெத்திலை என்னத்துக்கு?"

"அவவுக்குத் தேவையோ இல்லையோ, எனக்குக் குடுக்கவேணும்."

அந்தக் குறை அவள் மனதில் தங்கிவிட்டது.

பெட்டி போகிற நாள் வந்தது. என் பட்டறையில் இருந்து எந்தப் பெரிய வேலை வெளியே போனாலும் கற்பூரம் கொளுத்தி ஒரு தேங்காய் அடிப்பேன். முதல் மாடிப்படி போன நாளில் இருந்து அப்படித்தான். ஜெர்மன் மைஸ்டர் இப்போதெல்லாம் தானே போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அன்றைக்கு லேசான பனி, என் மனைவியும் வந்திருந்தாள். கொன்டெய்னர் கதவு திறந்திருந்தது. உள்ளே சட்டமும் தொட்டியும் விடியற்காலை வெளிச்சத்தில் ஏதோ மூச்சுவிடும் மிருகம் போலப் படுத்திருந்தன. வாசலில் நின்று நான் அடித்த அடியில் தேங்காய் தூளாகச் சிதறியது. நான் அடித்தால் எப்போதும் சிதறும். லொறிச் சாரதி கைதட்டினார். நான் அவரோடு கதைத்துக்கொண்டு நிற்க மற்றவர்கள் கதவைப் பூட்டினார்கள், அது போனது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே விசித்திரமானவை. கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் படம் ஒன்றைப் போனில் போட்டுத் தந்தான் மன்னார்க்காரன். நீல நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி. முகமூடிக்குள் நான் பார்க்கும் அதே புள்ளி, அவ்வளவு மெதுவாகவே நகர்ந்தது. டிராமில் பார்ப்பேன். கடையில் வெங்காயம் நிறுக்கும்போது பார்ப்பேன். வெளியே எசனின் சாம்பல் நிற மழை, கைக்குள் சமுத்திரம். சில சமயம் புள்ளி அசையாமல் நிற்கும். அப்போது எனக்குக் கால் தள்ளாடும், நான் நிற்கிற தரை மெல்ல ஆடுவதுபோல இருக்கும். டிராமில் பக்கத்தில் இருந்த ஒரு பெண் சுகமில்லையா என்று கேட்டிருக்கிறாள். இல்லை, நான் இப்போது பசிபிக்கில் நிற்கிறேன் என்று சொன்னேன். எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

புள்ளி கரையைத் தொட்டது. சில நாள் கழித்து, விடிகிற நேரம், நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கப் போன் அடித்தது. அந்தப் பெண்தான். அங்கே அது பின்னேரம். அவளுக்குப் பின்னால் வெள்ளை வெயிலும் கிரேன் ஒன்றும் தெரிந்தன. வழக்கமாக வரும் சிரிப்பு இல்லை.

"அங்கிள், கொன்டெய்னருக்குள்ள என்ன வச்சனீங்கள்?"

"மெஷின் வச்சனாங்கள், பிள்ளை."

"வேறை?"

"ஸ்பானர். றப்பர் வளையம். நீர் கேட்ட எல்லாம்."

"கதவைத் திறந்தவுடன முன்னுக்கே ஒரு தேங்காய், மஞ்சள் துணியில கட்டித் தொங்குது. துறைமுக ஒபிசர்மார் உடன பூட்டி முத்திரை வச்சிட்டினம்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஒரு தேங்காய்க்கோ இவ்வளவும்? உங்கட தீவில தேங்காய் இல்லையோ?"

"இருக்கு அங்கிள். அதுதான் பிரச்சினை. எங்களுக்கு அதுதான் இருக்கு."

அப்போதுதான் அந்த வண்டு என் நினைவுக்கு வந்தது. கடல் கடந்து வருகிற ஒரு காய், ஓர் இலை, ஒரு விதைக்குள் என்ன முட்டை ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். இரும்பு என்று எழுதிய பெட்டிக்குள் தேங்காய் இருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புவது அவர்களுடைய சட்டம். அவள் அங்கே கெஞ்சி ஒரு வழி வாங்கியிருந்தாள். உள்ளே இருக்கும் இலை, காய், ஓலை எல்லாவற்றையும் எது எங்கே என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னவை மட்டும் இருந்தால் எடுத்து எரித்துவிட்டுப் பெட்டியை விடுவார்கள். சொல்லாத ஒன்று கிடந்தாலும், துறையில் நிற்கிற கப்பலிலேயே பெட்டி திரும்பி ஏறும்.

"ஒபிஸ் பூட்டப்போகினம். யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒண்டும் விடக்கூடாது."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் போனை என் கையில் இருந்து வாங்கினாள்.

"பிள்ளை, அது நான். உமக்குத்தான் வச்சனான். முடித்தேங்காய், வெத்திலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு பிடி பச்சையரிசி. எல்லாம் அந்தத் துணிக்குள்ளதான். இவர் லொறிக்காரரோட கதைக்கேக்க கட்டினனான்."

அதை நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பக்கம் பேனாச் சத்தம் கேட்டது.

"பிறகு நாலு மூலைக்கும் தேசிக்காய்" என்றாள் மனைவி. நாலு எலுமிச்சை என்று அதையும் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன்.

"எப்ப வச்சனீர்?"

"நீங்கள் உங்கட பெருமையைக் கதைச்சு முடிக்கிறதுக்குள்ள நாலென்ன, நாற்பது மூலைக்கு வைக்கலாம்."

அப்போது எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. நான் அடித்த தேங்காயின் சில்லு ஒன்று பறந்து கொன்டெய்னருக்குள் போனது. சட்டத்துக்குக் கீழே சறுக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டேன். அடி அப்படி. அதையும் சொன்னேன். எந்தப் பக்கம், சட்டத்தின் எந்தக் காலுக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். என் ஞாபகத்தைப் பற்றி யாரும் சந்தேகப்படத் தேவையில்லை.

"அவ்வளவுதானே அங்கிள்? ஒபிசருக்குச் சொல்லட்டோ?"

"அவ்வளவுதான்."

காலையில் என்னைப் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போக வருகிற மன்னார்க்காரன் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கோட்டும் கழற்றாமல் நின்றான். 

"அண்ணை, போனை வைக்கச் சொல்லாதேங்கோ. இன்னொண்டு இருக்கு."

"என்னடா?"

"குருத்தோலைச் சிலுவை. போன முறை ஊருக்குப் போகேக்க கோயில்ல மந்திரிச்சு வாங்கி வந்தது. பம்புக்குப் பின்னால, ரெண்டு குழாய்க்கும் நடுவில செருகியிருக்கு."

"என்ர பெட்டிக்குள்ள உன்ர சிலுவையோ?"

"கடலால போற சாமான் அண்ணை. நான் கடலால வந்தனான். எனக்குத் தெரியும்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னா நீங்கள் பட்டறை முழுக்க ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சிரிப்பியள்."

மனைவி குறுக்கே வந்தாள். "நீங்கள் தேங்காய் அடிக்கலாம், நான் தேசிக்காய் வைக்கலாம், அவர் ஓலை வைக்கக்கூடாதோ? முதல்ல அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன்.   போனில் மெல்லிய சிரிப்பு ஒன்று கேட்டது. அன்று கேட்ட முதற் சிரிப்பு.

"எங்கட அம்மாவும் கட்டிலுக்கு மேல ஒண்டு செருகி வச்சிருக்கிறா. தென்னங்குருத்தோ?"

"பனை."

"சரி. எழுதிட்டன்."

போன் அணைந்தது.

அன்றைக்கும் பட்டறைக்குப் போனோம். மைஸ்டர் என்ன நடந்தது என்று கேட்டார். பெட்டி மாட்டிக்கொண்டது என்றேன். அவர் விளக்குமாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் வேலைக்குப் போய்விட்டார். நான் முகமூடியை இறக்கிக்கொண்டு ஒரு கதவுச் சட்டத்தை ஒட்டத் தொடங்கினேன். பச்சைக் கண்ணாடிக்குள் புள்ளி எரிந்தது. அதன் கரையில் ஆட்கள் நிற்பதுபோல இருந்தது. வெள்ளைக் கையுறை போட்டவர்கள் குனிந்து குனிந்து எதையோ தேடினார்கள். ஒரு மூதாட்டி கானைக் கையில் பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுவதை நிறுத்தினால் அவர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு எண்ணம். அதனால் நிறுத்தவில்லை. அந்தக் கதவை இப்போது போய்ப் பார்த்தால், தேவைக்கு மேல் ஒட்டிய தழும்பு தெரியும்.

மறுநாள் விடியப் படம் ஒன்று வந்திருந்தது. அசையும் படம். கடற்கரையில் வெட்டிய இரும்புப் பீப்பாய் ஒன்றில் நெருப்பு எரிகிறது. சீருடை போட்ட இரண்டு பேர் நீளக் கம்பியால் கிளறுகிறார்கள். முடித்தேங்காயின் குடுமி பற்றி எழும்புகிறது. வெற்றிலை சுருள்கிறது. தேசிக்காய் வெடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் பனையோலைச் சிலுவை, மற்றவற்றை விடக் கொஞ்ச நேரம் கூட நின்று எரிந்து, வளைந்து, சாம்பலாகிறது. பின்னால் கடல், யாரோ அப்போதுதான் கழுவி விரித்ததுபோல. என் மனைவி போனைச் சாமித்தட்டுக்குக் கீழே சாய்த்து வைத்துக் கைகூப்பினாள். மன்னார்க்காரன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"நான் அய்யரை வச்சு ஓமம் செய்திருந்தாலும் இப்பிடி வந்திராது" என்றாள் மனைவி.

படத்துக்குக் கீழே அந்தப் பெண் எழுதியிருந்தாள். சொன்னவை எல்லாம் சொன்ன இடத்திலேயே இருந்தன. ஒரு தேசிக்காய் மட்டும் மூலையை விட்டு உருண்டு தொட்டிக்குக் கீழே போயிருந்ததாம், அதையும் பிடித்துவிட்டார்கள். என் தேங்காய்ச் சில்லு நான் சொன்ன காலுக்குப் பக்கத்திலேயே, ஒரு குட்டி வள்ளம்போலக் காய்ந்து கிடந்ததாம். ஓலையைக் கண்டெடுத்த ஒபிசர், சொல்லாமல் விட்டிருந்தால் இந்த ஒன்றே போதும் பெட்டியைத் திருப்பி அனுப்ப என்றாராம். பெட்டியை விட்டுவிட்டார்கள்.

கோடை தொடங்கி, படகுத் தண்ணீரை நம்பியிருக்க வேண்டிய நாட்களில் இரண்டாவது படம் வந்தது. சுவர் இல்லாத ஒரு கொட்டகையில் என் தொட்டி வெயிலில் மின்னிக்கொண்டு நிற்கிறது. குழாயைத் திறக்கிறார்கள். முதலில் காற்று இருமுகிறது, பிறகு தண்ணீர். பிள்ளைகள் கானை விட்டுவிட்டுத் தலையைக் கொடுக்கிறார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு கிழவி கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, கமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். அந்தப் பெண்ணின் தாயாக இருக்க வேண்டும். என்ன சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை. உப்பு இல்லை என்று சொல்லியிருப்பாள். அதைத் தவிர வேறென்ன சொல்வாள்.

பக்கத்தில் கல் நிற்கிறது. புதுக் கல். கொடிகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் பெயர் இல்லை. மன்னார்க்காரன் விரலால் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துத் தேடினான்.

"அண்ணை, பொறுங்கோ" என்றான்.

குழாயின் கழுத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. கொதிதண்ணீரில் அவித்தால் துணியை வைத்திருக்கலாம் என்று ஒபிசர்மார் விட்டுக்கொடுத்தார்களாம். என் மனைவி நனைத்துக் காயவைத்த மஞ்சள், வெளுத்துப்போய், அந்தக் காற்றில் ஆடியது. கொடிகள் கல்லில் அசையாமல் இருக்க, அது மட்டும் ஆடியது.

அந்த நாட்டின் இன்னொரு தீவுக்கும் இப்போது என் பட்டறையில்தான் வேலை நடக்கிறது. வேறு யாரிடம் போவார்கள்? பெட்டி போகிற நாளில் தேங்காயை வாசலில் அடிப்பதில்லை. லொறி போய்க் கதவையும் சாத்திய பிறகு, பின்பக்கக் கழுவுதொட்டிக்குள் அடிக்கிறேன். அங்கேயும் சிதறுகிறது. மன்னார்க்காரன் தன் ஓலையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறான். மைஸ்டர் கொன்டெய்னருக்குள் ஏறி விளக்குமாற்றால் மூலை மூலையாகக் கூட்டிவிட்டு, வெறும் கையை எங்களுக்கு விரித்துக் காட்டிய பிறகுதான் பூட்டுகிறோம். என் மனைவி மட்டும் துணி ஒன்றைக் கட்டி அனுப்புகிறாள். அவித்த துணி. உள்ளே ஒன்றும் இல்லை.

அது போன பிறகு போனை எடுத்துப் பார்ப்பேன். நீலத்தில் புள்ளி நகரத் தொடங்கியிருக்கும்.